ஒரே இரவில் லட்சம் பேர் வந்தால் என்ன ஆகும்? யூடியூப் சேவை விமர்சனம்

சேனல் நடத்துகிறவர்கள் தங்கள் வீடியோக்களை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவில் பலர் கவனிக்காத விதி ஒன்று இருக்கிறது. ஒரு வீடியோ 1 லட்சம் வியூஸைத் தாண்டிவிட்டால், அதில் ஒரு துண்டை வெட்டி எடுக்கவோ ஒலியை மாற்றவோ முடியாமல் போகலாம். முகத்தை மங்கலாக்க மட்டும் அனுமதி உண்டு. வருமானத்தில் பங்கு தரும் பங்குதாரர் திட்டத்தில் சேர்ந்த சேனல்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஏற்கெனவே பெயர் எடுத்தவர் கையில் கத்தரிக்கோல் இருக்கும். நேற்றுவரை 40 சப்ஸ்கிரைபர் வைத்திருந்து இன்று வைரலானவர் கையில் இருக்காது. இந்தச் சேவையின் குணத்தை இந்த ஒரு விதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

யூடியூபைத் தொழிலாக நடத்துகிறவர்களுக்கான விமர்சனம் அல்ல இது. எதிர்பாராமல் ஒரு வீடியோவால் ஊரே பார்க்கும் ஆளாகிவிட்ட சாதாரண மனிதருக்கு இந்தச் சேவை எப்படி உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் கேள்வி. கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில் இது முதல் தரம். அந்தக் கூட்டத்தால் வரவேண்டிய பணத்தைத் தருவதில் மிகவும் பிந்துகிறது. கூட்டத்திடமிருந்து ஆளைக் காப்பதற்கு நல்ல கருவிகளை வைத்திருக்கிறது. ஆனால் அவை வெள்ளம் வருமுன் அணை போட்டவர்களுக்கே உதவுகின்றன.

கூட்டம் வரும் வழி

2012 வரை, எந்த வீடியோவை அதிகம் பேர் சொடுக்கினார்களோ அதையே யூடியூப் மேலே தூக்கிக் காட்டியது. அந்த ஆண்டில் அளவுகோல் மாறியது. சொடுக்கியவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தார் என்பது முன்னுக்கு வந்தது. இன்று ஒரு புதிய வீடியோ முதலில் ஒரு சிறு கூட்டத்தின் கண்ணில் படுகிறது. அவர்கள் நின்று பார்த்தால் அதைவிடப் பெரிய கூட்டத்துக்குப் போகிறது. அங்கேயும் நின்று பார்த்தால் இன்னும் பெரிய கூட்டம். இந்த ஏணியில் ஏறுவதற்குச் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை கட்டாயம் இல்லை. குறுவீடியோக்களான ஷார்ட்ஸில் இது இன்னும் வேகமாக நடக்கும். அங்கே பார்ப்பவர் எதையும் தேர்ந்தெடுப்பதே இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே பார்க்க வேண்டிய எண்களும் வேறு வேறு. ஷார்ட்ஸில், நின்று பார்த்தவர் எத்தனை பேர், தள்ளிவிட்டுப் போனவர் எத்தனை பேர் என்ற விகிதம்தான் உயிர். நீள வீடியோவில், தம்ப்நெய்ல் (வீடியோவின் முகப்புப் படம்) கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் சொடுக்கினார்கள் என்பதையும், சொடுக்கியவர்கள் எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். யூடியூப் தரும் விளக்கத்தின்படி, பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இந்தச் சொடுக்கு விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் அமைகிறது. வீடியோ பரவத் தொடங்கியதும் இந்த விகிதம் இறங்கும். சேனலை அறியாதவர்கள், அந்த விஷயத்தில் ஆர்வமே இல்லாதவர்கள் கண்ணிலும் பட ஆரம்பிப்பதால் வரும் இறக்கம் அது. அதைக் கண்டு பதறி நடுவழியில் தலைப்பையும் தம்ப்நெய்லையும் மாற்றிவிடுவார்கள் பலர். எது கூட்டத்தை இழுத்ததோ அதையே மாற்றிவிட்டு, ஏன் நின்றுபோனது என்று பிறகு தேடிக்கொண்டிருப்பார்கள். வியூஸ் ஏறிக்கொண்டிருக்கும்வரை இரண்டிலும் கை வைக்காமல் இருப்பது நல்லது.

புள்ளிவிவரப் பக்கம் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. கடைசி 48 மணி நேர நிலவரம் உடனுக்குடன் தெரியும். ஆனால் பார்க்கிறவர்கள் யார், எந்த வயது, எங்கிருந்து என்ற விவரம் ஏறத்தாழ இரண்டு நாள் கழித்தே வரும். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, அது யாருடைய கூட்டம் என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று: 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, மறுபடி ஓடினால் இன்னொரு வியூ. நின்று பார்த்தவர்களைக் கணக்கிடும் பழைய முறை தனி எண்ணாக உள்ளே இருக்கிறது. பணத்துக்கும் தகுதிக்கும் அந்த உள் எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே தெரியும் பெரிய எண்ணை வைத்து வருமானக் கணக்குப் போடக் கூடாது.

செங்குத்தாக எடுத்தால் வரும் சிக்கல்

2024 அக்டோபர் 15 முதல், 3 நிமிடம் வரையுள்ள செங்குத்து அல்லது சதுர வீடியோ எதுவாக இருந்தாலும் ஷார்ட்ஸ் வகையில்தான் சேரும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. கைபேசியை நிமிர்த்திப் பிடித்து இரண்டரை நிமிடம் ஒருவர் பாடியதைப் படமெடுத்து ஏற்றினால் அது ஷார்ட்ஸ்தான். அதே பாட்டைக் கைபேசியைப் படுக்கையாகப் பிடித்து எடுத்திருந்தால் அது நீள வீடியோ.

பார்வைக்குச் சின்ன வித்தியாசம், விளைவில் பெரியது. ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்பட்ட நேரம், விளம்பரத் தகுதிக்கான 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. தனியாக வடிவமைத்த தம்ப்நெய்லைப் பொருத்த முடியாது. கைபேசியிலிருந்து ஏற்றும்போது வீடியோவில் உள்ள ஒரு காட்சியைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. ஷார்ட்ஸ் விவரக் குறிப்பிலும் கமென்ட்டிலும் இணைப்பு கொடுத்தாலும் அது வெறும் எழுத்தாகவே நிற்கும், அழுத்தினால் எங்கும் போகாது. 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து இதுதான் நிலை. இசையும் கவனிக்க வேண்டியது: 1 நிமிடத்துக்கு மேற்பட்ட ஷார்ட்ஸில் பதிப்புரிமைக் கோரிக்கை (இது என்னுடையது என்று உரிமையாளர் கோருவது) விழுந்தால் வீடியோவே முடக்கப்படும். பின்னணியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டுகூட இதற்குப் போதும்.

ஷார்ட்ஸ் மோசம் என்று பொருள் அல்ல. ஆளைத் தேடிப்போய்க் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. சரியான முறை இரண்டையும் இணைப்பது. முழு நிகழ்வையும் படுக்கையாக எடுத்து நீள வீடியோவாக முதலில் ஏற்ற வேண்டும். அதில் மிக அழுத்தமான 30 அல்லது 40 விநாடியை 1080க்கு 1920 பிக்சல் என்ற செங்குத்து அளவில் வெட்டி ஷார்ட்ஸாக விட வேண்டும். பிறகு ஸ்டூடியோவில் அந்த ஷார்ட்ஸைத் திறந்து, 'தொடர்புடைய வீடியோ' என்ற இடத்தில் நீள வீடியோவைச் சேர்க்க வேண்டும். ஷார்ட்ஸ் பார்க்கிறவரை உங்கள் நீள வீடியோவுக்கு ஒரே தட்டில் கொண்டுபோகும் வழி அதுதான். இதைச் செய்யாமல் ஷார்ட்ஸ் மட்டும் வைரலானால், வந்தவர்கள் அடுத்த தள்ளலில் வேறு ஒருவர் வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

பணம்: கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

யூடியூபில் எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுவது இதுதான். முதல்முறை வைரலாகும் சாதாரண ஆளுக்கு, அந்த வைரல் வீடியோவின் உச்ச நாட்களிலிருந்து விளம்பரப் பணம் ஒரு பைசாகூட வராது. பங்குதாரர் திட்டத்தில் சேர்ந்த பிறகு வரும் வியூஸுக்கு மட்டுமே பங்கு. முன்னால் வந்ததைப் பின்தேதியிட்டுத் தருவதில்லை. அந்த நாட்களில் வீடியோவில் விளம்பரம் ஓடாது என்று நினைக்க வேண்டாம். திட்டத்தில் சேராதவர்களின் வீடியோக்களிலும் விளம்பரம் காட்டும் உரிமையை 2020 நவம்பரில் யூடியூப் தன் விதிகளில் எழுதிக்கொண்டது. அந்தப் பணம் முழுவதும் நிறுவனத்துக்கே.

திட்டத்தில் இரண்டு படிகள் உள்ளன. முதல் படிக்கு 500 சப்ஸ்கிரைபர், கடைசி 90 நாளில் 3 பொது வீடியோ, இவற்றோடு கடைசி 12 மாதத்தில் 3,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் வியூஸ் வேண்டும். இந்தப் படியில் உறுப்பினர் கட்டணம், நேரலையில் ரசிகர் தரும் பணம் போன்றவை திறக்கும். விளம்பரப் பங்கு இல்லை. இரண்டாம் படிக்கு 1,000 சப்ஸ்கிரைபர், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் வியூஸ். இங்கேதான் விளம்பரப் பங்கு தொடங்கும்: நீள வீடியோவில் 55 சதவீதம், ஷார்ட்ஸில், விளம்பர வருமானத்திலிருந்து படைப்பாளர்களுக்கென்று சேர்க்கும் தொகுப்பில் அவரவருக்கு ஒதுக்கப்பட்டதிலிருந்து 45 சதவீதம். ஷார்ட்ஸில் ஒரு பாட்டைப் பயன்படுத்தியிருந்தால், அதற்குரிய வருமானத்தில் பாதி, தொகுப்புக்கு வரும் முன்பே இசைக்குப் போய்விடும். இரண்டு பாட்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. சொந்தக் குரலும் சுற்றுப்புற ஓசையும் மட்டும் உள்ள வீடியோவுக்கு இந்தக் கழிவு இல்லை.

விண்ணப்பித்ததும் கதவு திறப்பதில்லை. மனிதர்கள் பார்த்துச் சரிசொல்ல வழக்கமாக ஒரு மாதம்வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ரகசிய எண் ஒன்று தபாலில் வரும். அதைப் பதிவு செய்த பிறகு, 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால், உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்த வருமானத்தில் 24 சதவீதம்வரை பிடித்துவிட வாய்ப்பு உண்டு. நிரப்புவதற்கு அரை மணி நேரம் போதும். இதைத் தள்ளிப்போட்டவர்கள் இழந்தது கொஞ்சமல்ல.

வைரல் வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் அதை அழிப்பவர்களும், தனிப்பட்டதாக மாற்றுபவர்களும் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அழித்த, தனிப்பட்ட, பட்டியலில் இல்லாத வீடியோக்களின் பார்வை நேரம் தகுதிக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். மானம் போகிறது என்றால் பணத்தைப் பார்க்காமல் உடனே மறைக்கலாம், அதில் தவறே இல்லை. கமென்ட் தொல்லைதான் காரணம் என்றால் வீடியோவை மறைக்கத் தேவையில்லை.

கமென்ட், முகம், குழந்தைகள்

கமென்ட் அமைப்புகளில் யூடியூப் உண்மையிலேயே நல்ல வேலை செய்திருக்கிறது. நான்கு காரியங்களைச் செய்தால் பெரும்பாலான வசைகள் வாசலிலேயே நின்றுவிடும். ஸ்டூடியோ அமைப்புகளில் சந்தேகத்துக்குரிய கமென்ட்டை நிறுத்திவைக்கும் அளவைக் 'கடுமை' என்று வையுங்கள். தடைச் சொல் பட்டியலில் உங்கள் வீட்டு முகவரி, தெருப் பெயர், தொலைபேசி எண், வேலையிடத்தின் பெயர், குடும்பத்தார் பெயர், பிறகு எதிர்பார்க்கக்கூடிய வசைச் சொற்கள் எல்லாவற்றையும் சேருங்கள். ஒரே வசைச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும், இடையில் புள்ளி வைத்தும் எழுதுவார்கள். எல்லா வடிவங்களையும் சேர்க்காவிட்டால் பட்டியல் ஓட்டையாகிவிடும். இணைப்புள்ள கமென்ட்டுகளைத் தடுக்கும் பெட்டியில் குறியிடுங்கள். கட்டுமீறிப் போனால் 'இடைநிறுத்து' என்ற வசதி இருக்கிறது: பழைய கமென்ட்டுகள் அப்படியே இருக்க, புதியவை மட்டும் நிற்கும். நிறுத்திவைக்கப்பட்டவை 60 நாள்வரை காத்திருக்கும், ஆகவே ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வசைகளைச் சேனலுக்கு உரியவரே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றும் இல்லை. நம்பிக்கையான ஒருவருக்குக் கமென்ட்டுகளைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடலாம். கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் தர வேண்டாம்.

முகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்து போனவர், வண்டி எண், வீட்டு வாசல் எண் இவையெல்லாம் நூறு பேர் பார்க்கும்போது பொருட்டல்ல. லட்சம் பேர் பார்க்கும்போது யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். ஸ்டூடியோவின் கணினிப் பதிப்பில் உள்ள எடிட்டரில் இரண்டு வகை மங்கலாக்கம் உண்டு. ஒன்று முகங்களைத் தானே கண்டுபிடித்துக் காட்டும். மற்றதில் நாமே கட்டம் வரைந்து, நகரும் பொருளைத் தொடரச் சொல்லலாம். முதலில் சொன்ன 1 லட்சம் விதியில் அனுமதி முகத்துக்குத்தான் என்பதால், வண்டி எண் போன்றவற்றை வீடியோவை ஏற்றும் முன்பே மங்கலாக்கிவிடுவது பாதுகாப்பு. ஒரே இணைப்பில் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதிய கோப்பை வைக்கும் வசதி யூடியூபில் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். திருத்திய கோப்பு என்றால் புதிய வீடியோ, பூஜ்யத்திலிருந்து வியூஸ்.

குழந்தைகள் முன்னிலையில் உள்ள வீடியோக்களில் கமென்ட் பகுதியை யூடியூபே மூடக்கூடும். 2019இல் தொடங்கிய நடைமுறை அது. 'குழந்தைகளுக்கானது' என்று குறித்தால் கமென்ட்டும் இல்லை, பார்ப்பவர் விருப்பத்தைக் கணித்து வரும் விளம்பரமும் இல்லை, வருமானம் குறையும். வருமானத்துக்காகத் தவறாகக் குறிப்பது சட்டச் சிக்கலில் முடியும்.

யாருடைய வீடியோ?

வைரல் விவகாரங்களில் மிகுதியாகக் குழப்பிக்கொள்ளப்படும் கேள்வி இது. பதிப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவருக்குரியது. படத்தில் இருப்பவருக்கு அல்ல. 2017 மார்ச் 10 அன்று பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசிக்கு நேரலையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து இரண்டு குழந்தைகள் அறைக்குள் வந்தார்கள். உலகமே பார்த்தது. முகம் அந்தக் குடும்பத்துடையது, காட்சி ஒளிபரப்பாளருடையது. அவர்கள் செய்த ஒரு காரியம் இன்றும் பின்பற்றத் தக்கது. தேடிவந்த எல்லா ஊடகங்களுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போகாமல், சில நாட்களில் பல்கலைக்கழகத்தில் ஒரே பத்திரிகையாளர் சந்திப்பை வைத்துப் பேசினார்கள்.

எடுத்தவரே உரியவராக இருந்தால் நிலைமை வேறு. அண்ணன் விரலைத் தம்பி கடிக்கும் 56 விநாடிக் காட்சியை, தூரத்தில் இருக்கும் ஒருவர் பார்ப்பதற்காக 2007இல் ஒரு தந்தை யூடியூபில் ஏற்றினார். 2021இல் அது என்எஃப்டி எனப்படும் டிஜிட்டல் சொத்தாக 7,60,999 டாலருக்கு ஏலம் போனது. மூலக் கோப்பும் உரிமையும் வீட்டிலேயே இருந்ததால் நடந்தது அது.

உங்கள் வீடியோவை அடுத்தவர் எடுத்துப் போட்டால்: ஸ்டூடியோவில் பதிப்புரிமைப் பகுதிக்குப் போய் நீக்கக் கோரலாம். உடனே நீக்கச் சொல்லலாம், அல்லது எடுத்தவருக்கு 7 நாள் அவகாசம் கொடுக்கலாம். அதே படிவத்தில் நகல்களைத் தடுக்கும் பெட்டியும் உண்டு. முறையான ஒரு கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகு, நகல் தேடும் கருவி திட்டத்தில் சேராதவர்களுக்கும் திறக்கும். உங்கள் வீடியோவுக்குப் பிறகு ஏற்றப்பட்ட முழு நகல்களையும் கிட்டத்தட்ட முழு நகல்களையும் அது காட்டும். ஐந்து விநாடி வெட்டியதை அது பிடிக்காது. எதிராளி மறுப்பு அனுப்பினால், நீங்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று 10 வேலை நாளுக்குள் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். கோருபவரின் பெயர் எதிராளிக்குத் தெரியவரும் என்பதால், பெயரை வெளியிட விரும்பாதவர் அதை யோசித்தே செய்ய வேண்டும்.

மற்றவர் எடுத்த வீடியோவில் நீங்கள் சிக்கிக்கொண்டால் பதிப்புரிமை உதவாது. தனியுரிமைப் புகார்தான் வழி. முகம், குரல், முழுப் பெயர் இவற்றால் உங்களை அடையாளம் காண முடிகிறது என்பதையும், வீடியோவில் எந்த நிமிடம் எந்த விநாடியில் வருகிறீர்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். நேரத்தைக் குறிப்பிடாமல் 'என் படம் இருக்கிறது' என்று மட்டும் எழுதிய புகார் தேங்கிவிடும். ஏற்றியவருக்கு 48 மணி நேரம் கொடுத்த பிறகே யூடியூப் பரிசீலிக்கத் தொடங்குகிறது. 48 மணி நேரத்தில் ஒரு வீடியோ உலகத்தைச் சுற்றிவிடும். பள்ளி மாணவன் ஒருவன் தனக்காக எடுத்துவைத்திருந்த காட்சியை 2003இல் உடன் படித்தவர்கள் இணையத்தில் விட்டபோது யூடியூபே இல்லை. அது வழக்குவரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பையன் பட்ட பாட்டுக்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கழிந்தும், யூடியூப் இன்னும் இரண்டு நாள் அவகாசத்தை ஏற்றியவருக்குத்தான் தருகிறது. படத்தில் இருப்பவர் சிறுவர் என்றாலாவது இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசலில் வந்து நிற்கும் அழைப்புகள்

வீடியோ ஏறத் தொடங்கிய சில மணி நேரத்தில் இரண்டு வகைச் செய்திகள் வரும். முதல் வகை, வீடியோ உரிமம் வாங்கும் நிறுவனங்கள். உண்மையானவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: பிரத்தியேக உரிமையா, காலவரையறை உண்டா, எந்தெந்த நாடுகளுக்கு, தானியங்கிப் பதிப்புரிமைக் கோரிக்கை எழுப்பும் அதிகாரம் யாருக்கு. பிரத்தியேகமாகவும் நிரந்தரமாகவும் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தச் சேனலில் அதே வீடியோவை மீண்டும் ஏற்றும்போது தன் வீடியோவுக்கே கோரிக்கை விழுந்து திகைப்பவர்கள் உண்டு. பிரத்தியேகமில்லாத, ஆறு மாதமோ ஒரு வருடமோ உள்ள உரிமம் போதும். செய்தி நிறுவனங்களுக்கு ஒருமுறைப் பயன்பாட்டு அனுமதி எழுத்தில் கொடுத்தால் போதும். கமென்ட்டில் 'எடுத்துக்கொள்ளலாமா' என்று கேட்பவருக்குச் 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதாதீர்கள். பின்னால் அதையே அனுமதி என்று காட்டுவார்கள்.

இரண்டாம் வகைதான் ஆபத்து. விளம்பர ஒப்பந்தம் என்று மின்னஞ்சல் வரும். ஒப்பந்தம் கடவுச்சொல் போட்ட சுருக்கக் கோப்பில் இருக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகவே அந்தக் கடவுச்சொல். திறந்தால், உலாவியில் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் அமர்வின் குக்கீயை, அதாவது நீங்கள் உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் சிறு கோப்பை, திருடிக்கொண்டு போய்விடும். இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் முறை) தாண்டிய அமர்வு அது என்பதால் இரட்டைச் சரிபார்ப்பு இங்கே தடுக்காது. சேனல் பெயர் மாறும், கிரிப்டோ மோசடி நேரலை ஓடும், பழைய வீடியோக்கள் மறையும். இந்த முறையைப் பற்றிக் கூகுளின் பாதுகாப்புக் குழு 2021 அக்டோபரிலேயே விரிவாக எழுதியது, இன்றும் ஓயவில்லை. சேனலுக்கு ஒரு கணினி அல்லது தனி உலாவிக் கணக்கு, வெளி அஞ்சல்களைத் திறக்க வேறொன்று என்று பிரிப்பதே சரியான தடுப்பு. ஒப்பந்தம் அனுப்புபவரிடம் இணையத்திலேயே படிக்கக்கூடிய ஆவணமாகக் கேளுங்கள். உண்மையான நிறுவனம் மறுக்காது.

மற்ற தளங்களோடு ஒப்பிட்டால்

டிக்டாக் இன்னும் வேகமாகத் தூக்கிவிடும். ஆலை வேலையை இழந்து 2020இல் அங்கே தொடங்கிய காபி லேம், 2022 ஜூனில் அத்தளத்திலேயே அதிகம் பேர் பின்தொடரும் ஆளானார். பேச்சே இல்லாத, யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பச் செய்தார். அங்கே வெகுமதித் திட்டத்துக்கு 10,000 பேர் பின்தொடர வேண்டும், கடைசி 30 நாளில் 1 லட்சம் வியூஸ் வேண்டும், வீடியோ 1 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். அதுவும் சில நாடுகளில் மட்டும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் விளம்பர வருமானத்தில் எல்லோருக்குமான நிலையான பங்கு கிடையாது. ஆனால் தெரியாதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டிப் பார்க்கும் சோதனை ரீல்ஸ், கூச்சமுள்ளவர்களுக்கு நல்ல வசதி. வீடியோ பல வருடம் கழித்தும் தேடலில் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் யூடியூபை விட்டால் வேறு இல்லை.

ஏற்றும் முன் அரை நாள் வேலை

தொலைபேசி எண்ணைச் சரிபார்த்தால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ, தனித் தம்ப்நெய்ல் போன்றவை திறக்கும். அடையாள அட்டை அல்லது முக வீடியோ மூலமான அடுத்த நிலைச் சரிபார்ப்பையும் அமைதியான நாளில் முடித்துவிடுங்கள்; வைரலான பிறகு தொடங்கினால் காத்திருக்க நேரும். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் விரும்பும் கைப்பிடிப் பெயரை (@ குறியோடு வரும் கணக்குப் பெயர்) மற்ற தளங்களிலும் பதிந்துவிடுங்கள், போலிக் கணக்குகள் முதல் நாளே முளைக்கும். சேனல் பக்கத்தில் தொழிலுக்கு மட்டுமான தனி மின்னஞ்சல். மூலக் கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், எடுத்த தேதியோடு இரண்டு இடங்களில் வையுங்கள். உரிமைச் சண்டையில் பேசுவது அதுதான். உதவிக்கு ஆள் சேர்த்தால் அனுமதிகள் பக்கத்தில் எடிட்டர் அல்லது வரம்புள்ள எடிட்டர் பொறுப்பு.

இன்னொரு வீடியோவும் தயாராக இருக்கட்டும். முதல் வீடியோவின் தொடர்ச்சியாகவோ அதே ஆள் அதே காரியத்தைச் சற்று விரிவாகச் செய்வதாகவோ. நீள வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடியில் முடிவுத் திரையாக அதை வைக்கலாம். வீடியோ 25 விநாடிக்காவது இருக்க வேண்டும். வந்த கூட்டம் இரண்டாவது வீடியோவைத் தேடும் காலம் மிகக் குறுகியது. மூன்று வாரம் கழித்து ஏற்றும் விளக்கக் காணொளியை அவர்களில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

மதிப்பெண் கேட்டால், ஆளைக் கொண்டுசேர்ப்பதற்கு 5க்கு 5. கமென்ட் கட்டுப்பாட்டுக்கு 4. பதிப்புரிமைக் கருவிகளுக்கு 3, தனியுரிமைக்கு 2. புதியவருக்குப் பணம் தருவதில் 1. கடைசி இரண்டையும் சரிசெய்ய அவர்களிடம் வழி இல்லாமல் இல்லை. திட்டத்துக்கு விண்ணப்பித்தவரின் முந்தைய 30 நாள் விளம்பரப் பங்கை ஒதுக்கிவைத்து, விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் கொடுக்கலாம். 1 லட்சம் வியூஸைத் தாண்டிய, திட்டத்தில் சேராத சேனலுக்கும், வெட்டி எடுக்கும் வசதியை ஒரே ஒருமுறையாவது திறந்துவிடலாம்.